உங்களுக்கு எதுக்கு சிரமம், மாப்பிள்ளை?

கிரேன் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இரும்பில் செய்த கிரேன் இல்லை. மீசை வைத்த கிரேன். வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் வேலை. நாலு பேர் முக்கி முனகித் தூக்குகிற வாஷிங் மெஷினைத் தோளில் பெல்ட் போட்டு ஒற்றை ஆளாக மூன்றாவது மாடிக்கு ஏற்றிவிட்டு, இறங்கி வரும்போதே "அடுத்தது என்ன?" என்று கேட்கிற ஆசாமி. முதலில் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலாகக் கூப்பிட்டார்கள், பிறகு முதலாளி, பிறகு டீக்கடைக்காரர். கடைசியில் கட்டின பெண்டாட்டியே போனில் அவன் நம்பரைக் 'கிரேன்' என்று பதிந்து வைத்துவிட்டாள். அவனுக்கு அதில் பெருமையென்றால் அப்படி ஒரு பெருமை!

இந்தப் பெருமைதான் அவனை ஒரு நாள் கவிழ்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவனுடைய மாமனார் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை நடுரோட்டில் நின்றே கழித்த மனிதர். வெயிலோ மழையோ, நாற்சந்தியில் நின்று அவர் உள்ளங்கையைக் காட்டினால் பஸ், லாரி, பெரிய மனிதர் கார் எல்லாம் கப்சிப். அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எலும்பு கூடிவிட்டது, இனிமேல் தாராளமாக நிற்கலாம், நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் போதுமா? கால் கேட்க வேண்டாமா? அவர் நிற்கவே இல்லை.

மாமியார் இல்லாத வீட்டில் அவரைத் தனியாக விட முடியாது. மகள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வீடு முதல் மாடி. வாசலில் கார் வந்து நின்றதும் கிரேன் ஒரு கையை அவர் முதுகுக்குக் கீழேயும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து, "ஹோப்!" என்று ஒரே தூக்கு. விறுவிறுவென்று படியேறி, கட்டிலில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். மூச்சுகூட வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கிரேனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிரேன் சர்வீஸ்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஹோப்! நாற்காலியிலிருந்து குளியலறைக்கு ஹோப்! ஜன்னலோரம் காற்று வாங்க ஹோப்! அவன் கை கொடுக்கும்போதெல்லாம் மாமனார் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம், மாப்பிள்ளை?"

"சிரமமா? நல்லா சொன்னீங்க மாமா! நீங்க என்ன பீரோவா?" என்பான் இவன். சொல்லி முடிப்பதற்குள் அவர் அந்தரத்தில் இருப்பார். தூக்கினதும் கண்ணை மூடிக்கொள்வார். பாவம், சுகமாக இருக்கிறது போலிருக்கிறது என்று இவன் நினைத்துக்கொள்வான். கம்பெனியில் போய், "எங்க மாமாவைத் தூக்கினா அப்படியே சொக்கிப் போயிடறாருடா" என்று வேறு பீற்றிக்கொள்வான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் மாப்பிள்ளையை மரியாதை குறையாமல் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு 'நீ' வந்ததில்லை. சொந்தமெல்லாம் கூடி, மூட்டை தூக்குகிறவனுக்கா பெண்ணைக் கொடுக்கிறாய் என்று மல்லுக்கு நின்றபோது, "அவர் என் மாப்பிள்ளை" என்று அந்த ஒரே 'அவர்' என்ற வார்த்தையில் எல்லோர் வாயையும் அடைத்தவர். கிரேனுக்கு அது நெஞ்சு கொள்ளாத நன்றி. ஆனாலும் உள்ளூர ஒரு குறை உண்டு. சின்ன வயசிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவன் அவன். மாமனார் தன் மகனைப் போனில் "டேய், சாப்பிட்டியாடா?" என்று கேட்கும்போதெல்லாம் இவனுக்கு ஏக்கமாக இருக்கும். போயும் போயும் ஒரு 'டா'வுக்கா ஏங்குவான் என்று கேட்காதீர்கள். ஏங்கினான், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை மதியம். கிரேன் படியேறி வரும்போது உள்ளே மாமனார் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"டேய், அன்னைக்கு ஒரு முதியோர் இல்லம் பத்திச் சொன்னியே, அங்க இடம் இருக்கான்னு கேளு. இந்த ஞாயித்துக்கிழமையே வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இங்க எந்தக் குறையும் இல்லடா. தங்கமாத்தான் பார்த்துக்கிறாங்க. ஆனா வேணாம். நான் போறேன்."

கிரேனுக்குக் கால் வெலவெலத்துவிட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட கால்! பீரோவோடு மூன்று மாடி ஏறியபோது ஆடாத கால்.

சாயங்காலம் விஷயம் மனைவிக்குத் தெரிந்ததும் வீடு வீடாக இல்லை. அவள் செருப்புக்கடையில் விற்பனையில் இருப்பவள். நாள் முழுக்க யார் யாருடைய காலடியிலோ குனிந்து அளவு பார்த்துவிட்டு வந்தவள், அப்பாவின் காலடியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள்.

"என் சமையல் பிடிக்கலையாப்பா?"

"சேச்சே!"

"வீடு சின்னதா இருக்குன்னா மாமா?" என்றான் கிரேன்.

"அய்யோ, அதெல்லாம் இல்லை."

"பின்ன என்னதான் மாமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு சிரமம், மாப்பிள்ளை?" என்றார். மறுபடியும் அதே பாட்டு! கிரேனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எதையாவது தூக்கி எறியலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தான். தூக்குவதற்கு அங்கே மாமனாரைத் தவிர வேறெதுவும் இல்லாததால் மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டான்.

அங்கே வந்துதான் மனைவி அந்த வகுப்பைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற ஹாலில், வீட்டில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். இந்த வாரம் பூராவும் சாயங்காலம். அவள் எப்போதோ பெயர் கொடுத்து வைத்திருந்தாள். இப்போது பார்த்துக் கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, ஒரு நிமிஷம் நகர முடியாது.

"ஏங்க, எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்களேன்."

"யாரு, நானா? தூக்கறதுக்கு எனக்கே கிளாஸா? நான் போனா அவங்களுக்கு இல்ல கிளாஸ் எடுத்துட்டு வருவேன்!"

"சரி, எடுத்துட்டாவது வாங்க. அப்பா எதுக்குப் போறேங்கறார்னு அங்க யாருக்காவது தெரியுமான்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் கிரேன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு அந்த ஹாலுக்குள் நுழைந்தான். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு மெத்தை, மூலையில் ஒரு சக்கர நாற்காலி, ஒரு டீ பிளாஸ்க். வந்திருந்தவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தால் எல்லோரும் ஒரே பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி களைத்துப் போயிருந்தார்கள். வகுப்பெடுக்கிற நர்ஸை எல்லோரும் 'சிஸ்டர்' என்றார்கள். ஆள் கிரேனின் நெஞ்சுயரம்தான். இந்த அம்மாவா நமக்குத் தூக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

"வீட்ல எப்படித் தூக்கறீங்கன்னு யாராவது செஞ்சு காட்டுங்களேன்" என்றார் சிஸ்டர்.

சொல்ல வேண்டுமா? கிரேன் எழுந்தான். பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக ஒரு சலூன்காரர், படுக்கையில் இருக்கிற அண்ணனைப் பார்த்துக்கொள்கிறவர், சிவனே என்று உட்கார்ந்திருந்தார். கிரேன் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹோப்! சலூன்காரர் "ஐயையோ" என்று கத்தி முடிப்பதற்குள் மெத்தையில் கிடந்தார். வகுப்பே கைதட்டியது. கிரேனுக்கு வாயெல்லாம் பல்.

சிஸ்டர் கைதட்டவில்லை. சலூன்காரர் பக்கம் திரும்பினார். "எப்படிங்க இருந்துச்சு?"

சலூன்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "கீழ விட்டது நல்லா இருந்துச்சுங்க."

ஹால் முழுக்கச் சிரிப்பு. கிரேனும் சிரித்தான். சிஸ்டர் மட்டும், "சரி தம்பி, இப்ப நீங்க படுங்க" என்றார்.

"நானா? என்னை யாரு சிஸ்டர் தூக்க முடியும்?"

"படுங்களேன், பார்ப்போம்."

படுத்தான். அடியில் ஒரு கெட்டியான போர்வை விரித்திருந்தது. சிஸ்டர் கண்ணைக் காட்டினார் போலிருக்கிறது, சலூன்காரர், பேங்க்கில் கேஷியராக இருக்கிற ஓர் அம்மா, இன்னும் கையில் தெம்பிருந்த எல்லோருமாகச் சேர்ந்து போர்வையின் ஓரங்களைப் பிடித்தார்கள். கிரேன் கூரையில் ஓடுகிற மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திடீரென்று முதுகுக்குக் கீழே தரை காணாமல் போய்விட்டது!

"அம்மா…!"

அந்த அலறல் வெளியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளிக்கே கேட்டதாம், எட்டிப் பார்த்தார். கிரேன் கையை வீசித் துழாவினான், அகப்பட்டது பேங்க் அம்மாவின் பின்னல். அதைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள், ஆயுசுக்கும் விடமாட்டேன் என்கிற பிடி! "பிடிச்சுக்கோங்க! விட்டுடாதீங்க! கீழ விடுங்க!" என்று ஒரே மூச்சில் மூன்றையும் கத்தினான். மெத்தைக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

இறக்கிவிட்டார்கள். பின்னலைப் பிடுங்கிக்கொள்ளப் பேங்க் அம்மா படாதபாடு பட்டார். ஹால் சிரித்து ஓய்ந்ததும் சிஸ்டர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ணைத் திறங்க தம்பி" என்றார்.

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று. இறுக்கி, புருவம் வலிக்க வலிக்க.

கிரேனின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளாக மாமனார் கண்ணை மூடினாரே! சுகம் என்று நினைத்தானே! ஊரெல்லாம் போய்ச் சொன்னானே, சொக்கிப் போகிறார் என்று! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் முழுசாகப் பிடிபடவில்லை. பயந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு என்ன?

அதற்குப் பதில் டீ நேரத்தில் வந்தது. டீ குடித்தபடியே அவரவர் வீட்டுப் பாட்டை அவரவர் சொல்லலாம்; மற்றவர்கள் புத்தி சொல்லக் கூடாது, கேட்டுக்கொள்ள மட்டும்தான். பேங்க் அம்மா பின்னலைச் சரிசெய்துகொண்டே பேசினார்.

"எங்க அத்தை எப்பப் பார்த்தாலும் பசிக்கலை, பசிக்கலைம்பாங்க. நானும் வயசானா பசி குறையும்னு விட்டுட்டேன். ஆள் துரும்பா இளைச்சுட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, சாப்பிட்டா பாத்ரூம் போகணும், பாத்ரூம் போக என்னைக் கூப்பிடணும், என்னைக் கூப்பிடக் கூச்சம். அதுக்குப் பட்டினி கிடந்திருக்காங்க. நானும் வருஷக்கணக்கா அவங்க கூட இருக்கேன், பசிக்கலைன்னா பசிக்கலைன்னுதானே புரிஞ்சுக்கிட்டேன்?" அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. சலூன்காரர் அவருக்கு இன்னொரு டீ ஊற்றிக் கொடுத்தார்.

கிரேன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. காதுக்குள்ளே மாமனார் குரல்: உங்களுக்கு எதுக்கு சிரமம், மாப்பிள்ளை? உங்களுக்கு எதுக்கு சிரமம்? அட மடையா, அது மரியாதைக்குச் சொன்னது இல்லையடா!

துள்ளி எழுந்தான். சிஸ்டரிடம் ஒரு கும்பிடு, பேங்க் அம்மாவிடம் ஒரு மன்னிப்பு, பிறகு ஓட்டம். பஸ்ஸுக்கெல்லாம் நிற்கப் பொறுமை இல்லை. வீட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாவி, கதவைத் தள்ளிக்கொண்டு போய் மாமனாரின் எதிரில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அவர் அவனை அத்தனை கீழே பார்த்ததே இல்லை.

"மாமா! இன்னைக்கு என்னைத் தூக்கிட்டாங்க!"

"உங்களையா?" அவர் நிமிர்ந்தார். "யாரு தூக்கினா?"

"ஒரு சலூன்காரர், ஒரு பேங்க் அம்மா, இன்னும் அங்க இருந்தவங்க எல்லாரும். போர்வையில வச்சு. சொல்லாம கொள்ளாம தூக்கிட்டாங்க மாமா! நான் கத்தின கத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. அந்த அம்மா சடையைப் பிடிச்சு இழுத்துட்டேன்…"

மாமனாரின் உதடு துடித்தது. முதலில் மூக்கில் ஒரு சத்தம். பிறகு வயிறு குலுங்கியது. பிறகு பாருங்கள், மனிதர் சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்! அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்த மகள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து நின்றாள். அப்பா சிரித்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று!

சிரிப்பு அடங்கினதும் அவர் மெதுவாகக் கேட்டார். "பயமா இருந்துச்சா?"

"உயிரே போயிடுச்சு மாமா."

அவர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். "எனக்கும்தான்" என்றார்.

"ஏன் மாமா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே மாப்பிள்ளை. தினமும் சொன்னேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு மாப்பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

கிரேனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே தூக்கமாட்டேன் மாமா. சத்தியமா. போகாதீங்க" என்றான்.

கிழவர் லேசுப்பட்டவரா? எத்தனையோ வண்டிக்காரர்கள் கெஞ்சலைப் பார்த்தவர். தலையை ஆட்டிவிட்டார். "நிக்க முடியாதவன் பொண்ணு வீட்ல எத்தனை நாள் கிடப்பேன்? ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள நானா எழுந்து நின்னா, இருக்கேன். இல்லேன்னா அவன் கூடப் போறேன். அப்புறம் யாரும் அழக்கூடாது."

அவ்வளவுதான், கிரேனுக்குக் கால் தரையில் பாவவில்லை! மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஹால், ஹாலிலிருந்து வீடு. முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, சிஸ்டர் வாயைத் திறக்குமுன்னே கையைத் தூக்குவான். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், இது முதல் பாடம். ஆளைத் தூக்கக் கூடாது, ஆள் எழுந்திருக்க இடம் கொடுக்க வேண்டும், இது இரண்டாவது. நாற்காலி நுனிக்கு வரணும், பாதத்தை உள்ளே இழுக்கணும், முன்னால் குனியணும், மூக்கு முட்டியைத் தாண்டணும்; தாண்டினால் பின்பக்கம் தானே எழும்பும். சிஸ்டர் செய்து காட்டினார். கிரேனும் செய்து பார்த்தான். அட, ஆமாம்! இத்தனை வருஷமாக நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறோமே, இப்படித்தான் எழுந்திருக்கிறோம் என்று தெரியாமலேயே எழுந்திருக்கிறோமே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். முதலாளி முன்னால், டீக்கடைக்காரர் முன்னால், கண்ணில் பட்டவர் முன்னாலெல்லாம் உட்கார்ந்து எழுந்து காட்டினான். "மூக்கைப் பாருங்க, மூக்கைப் பாருங்க!" கூட வேலை செய்கிறவர்கள் இவனுக்குக் கழன்றுவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. அவன் கை சும்மா இருக்காது. சலூன்காரரை வைத்து ஒத்திகை பார்க்கும்போதெல்லாம், அவர் பாதி எழும்பியதும் இவன் கை தன்னால் போய் அக்குளுக்குள் நுழைந்துவிடும். சிஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, அந்தக் கையை பாக்கெட்ல போட்டுக்குங்க! பக்கத்துல நில்லுங்க, விழற மாதிரி இருந்தா பிடிங்க. அவங்க எழுந்திருக்கிறதை அவங்ககிட்டேயிருந்து பிடுங்காதீங்க."

வீட்டில் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒத்திகை நடந்தது. மாமனார் நுனிக்கு வந்தார், காலை இழுத்தார், குனிந்தார். முட்டி வரைக்கும் மூக்கு வரும். அங்கே வந்ததும் குளியலறைத் தரை ஞாபகத்துக்கு வந்துவிடும் போலிருக்கிறது, படக்கென்று பின்னால் சாய்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை நாற்காலியை விட்டு ஒரு கையகலம் எழும்பினார். கிரேன் விசிலடித்தான். சனிக்கிழமை அதுவும் இல்லை. மனைவி அப்பாவின் துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் வந்துவிட்டான். நல்ல பையன்தான், அவசரக்காரன். எப்போதும் கையில் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டேதான் பேசுவான்.

"என்னப்பா, ரெடியா? அத்தான், நீங்க அப்படியே தூக்கிட்டு வந்துடுங்க. கார் கீழ நிக்குது."

"தூக்கறதுங்கற பேச்சே இந்த வீட்ல இல்லை" என்றான் கிரேன்.

மாமனார் சட்டை போட்டு, தலை வாரி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பை. கிரேன் அவர் பக்கத்தில் வந்து நின்றான். "மாமா, நான் உங்க வலது பக்கம் நிக்கறேன். தொடமாட்டேன். வேணும்னா நீங்க என்னைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். போட்டதோடு விட்டானா, உள்ளே முஷ்டியை மடக்கிக்கொண்டான்.

அவர் நுனிக்கு வந்தார். காலை இழுத்தார். குனிந்தார். மூக்கு முட்டிக்கு வந்தது. கிரேன் மனசுக்குள்ளேயே கத்தினான். தாண்டுங்க மாமா, தாண்டுங்க! மாமனாரின் முழங்கால் நடுங்கியது. தொப்பென்று பின்னால் விழுந்தார்.

"விடுங்கப்பா, எதுக்கு உடம்பைப் படுத்தறீங்க?" என்றான் மச்சினன்.

அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். மகளையும் மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்த்தார். "சரி. நான் சொன்ன வார்த்தை. போகலாம்" என்றார். மகள் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள். கிரேன் அசையவில்லை. பாக்கெட்டுக்குள் கை பரபரவென்றது. இப்போது ஒரு ஹோப் போட்டால் நிமிஷத்தில் நிற்க வைத்துவிடலாம். நிற்க வைத்து? அப்புறம்?

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஹாரன் அடித்தது. ஒன்றல்ல. ஒரு பஸ், இரண்டு ஆட்டோ, எங்கேயோ ஒரு லாரி, எல்லாம் சேர்ந்து காதைக் கிழித்தன.

மாமனாரின் தலை சட்டென்று திரும்பியது. "என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லப்பா, யாரோ…"

"டேய், வண்டியை எங்க விட்டே?"

மச்சினன் சாவி சுழற்றுவதை நிறுத்தினான். "கீழதாம்பா. திருப்பத்துல. அஞ்சு நிமிஷம்தானேன்னு…"

"திருப்பத்துலயா!" அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! நாற்சந்தியில் லாரிகளை நிறுத்திய குரல். "போலீஸ்காரன் பெத்த புள்ளை திருப்பத்துல வண்டியை நிறுத்துவானா? பஸ்ஸு எப்படிடா திரும்பும்?"

ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க அவர் முன்னால் எக்கினார். பாதம் தன்னால் உள்ளே போனது. தலை முன்னால் வந்தது. மூக்கு முட்டியைத் தாண்டியது. கிரேன் பார்த்தான், தாண்டிவிட்டது, தாண்டியே விட்டது! நாற்காலிக்கும் அவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்த சந்தோஷத்தில் பாவி கை பாக்கெட்டை விட்டுப் பாய்ந்து அவர் அக்குளுக்குக் கீழே போய்விட்டது.

"டேய், எடுடா கையை!"

கிரேன் நெருப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான்.

"சொல்லாம தொடக்கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றபடியே அவர் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் கிரேனின் தோளை அவரே பிடித்து, முழங்காலை நிமிர்த்தி, இடுப்பை நிமிர்த்தி, கடைசியில் கழுத்தையும் நிமிர்த்தி நின்றுவிட்டார். நின்றேவிட்டார்! மகள் அடுக்களை வாசலில் கரண்டியைக் கீழே போட்டாள். மச்சினன் திறந்த வாய் மூடாமல் நின்றான்.

அவருக்கோ இதெல்லாம் கவனத்திலேயே இல்லை. கீழே பஸ் ஒரு பக்கம் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்க, ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். "பஸ்ஸு, பின்னால போ! ஆட்டோ, அங்கேயே நில்லு! நீ இன்னும் இங்க என்னடா பண்றே, போய் வண்டியை எடு!" மச்சினன் நாலு கால் பாய்ச்சலில் படியிறங்கினான். கிரேனின் தோளில் இருந்த கை மேலே போனது. மாடி ஜன்னலில் நின்றுகொண்டு அவர் கையைக் காட்டினார். பஸ் டிரைவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, கேட்டார்! பஸ் பின்னால் போனது, கார் வெளியே வந்தது, ஆட்டோக்கள் நகர்ந்தன, தெரு அடங்கியது.

அப்போதுதான் அவருக்குச் சுய நினைவு வந்தது. கீழே பார்த்தார், தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு கிரேனைப் பார்த்ததும் முகம் வாடியது. "மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்க. ஏதோ வேகத்துல வாய் தவறி உங்களைப் போய் டேய்னு…"

"அதனால என்ன மாமா" என்றான் கிரேன். ஆனால் மனசு சுருங்கிவிட்டது. அந்த 'டா' வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டதே.

தெருவிலிருந்து மச்சினன் அண்ணாந்து கத்தினான். "அப்பா! காரை ஓரமா விட்டுட்டேன்! பையை எடுத்துக்க மேல வரட்டுமா?"

பெரியவர் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டி, உள்ளங்கையை நேராகக் காட்டினார். நில்! மச்சினன் போட்ட காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

மகள் ஓடி வந்து பையைப் பிரித்து, மடித்த துணிகளை அள்ளி அலமாரியில் திணித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கிரேன் அவர் பக்கத்திலேயே, கையைப் பாக்கெட்டில் போட்டபடி நின்றான். பழக்கமில்லாத கால் அல்லவா, அவருடைய முழங்கால் இப்போது நன்றாகவே ஆடத் தொடங்கியிருந்தது. எழுந்த வேகத்தில் நாற்காலி தள்ளிப் போயிருந்தது.

"மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். "உங்களுக்கு எதுக்கு…"

பாதியில் நிறுத்தினார். கிரேனும் காத்திருந்தான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாற்காலியைக் கொண்டாடா" என்றார்.